கூர் போன வீடு

குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மூன்றாம் நாள் காலை, தையற்காரியின் வீட்டிலிருந்த கூர்மையெல்லாம் போயிற்று. மேசையின் நான்கு மூலைகளும் தேய்ந்த சோப்புக்கட்டி போல உருண்டுவிட்டன. கத்தி தக்காளியை நசுக்கியதே தவிர வெட்டவில்லை. அடுப்பு எரிந்தது, ஆனால் தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. கதவை எவ்வளவு ஓங்கிச் சாத்தினாலும் ஒரு விரலுக்கு இடம் விட்டே நின்றது.

இதில் அவள் தப்பும் உண்டு. நர்ஸ் கொடுத்தனுப்பிய தாளில் இருந்தபடி கத்தரிக்கோலைப் பரணில் ஏற்றினாள், பிளக் ஓட்டைகளை அடைத்தாள், தலையணை இல்லாமல் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்தாள், மூலைகளுக்கெல்லாம் வெட்டுத்துணி சுற்றிக் கட்டினாள். கடைசி மூலைக்குத் துணி போதவில்லை. புருஷன் கப்பலில் இன்ஜின் பார்ப்பவன்; பிரசவத்துக்குப் பத்து நாள் முன்பே கிளம்பிப் போயிருந்தான். கேட்க வேறு ஆளில்லாததால், அந்த மூலையைக் கையால் பொத்திக்கொண்டு மேசையிடமே கேட்டாள், பிள்ளையை எதுவும் குத்த வேண்டாம் என்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தையல் தொழிலில் இருப்பவர்கள் எதையும் கணக்காக வெட்டமாட்டார்கள். பின்னால் பிரித்துவிட உதவும் என்று ஓரத்தில் கொஞ்சம் கூடவே துணி விடுவார்கள். அந்தக் கைப்பழக்கத்தில் அவள் வீட்டுக்கும், போகிற வழிக்கும், தனக்கும் சேர்த்தே கேட்டுவிட்டாள்.

கேட்டது முழுசாகக் கிடைத்தது. குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அவள் மாடியிலிருந்து இறங்கும்போது இருபத்திரண்டு படிகளும் விரற்கடை உயரத்துக்குத் தணிந்து இருநூறு படிகளாயின. பின்னால் வந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணி இறங்கினார்கள். சொட்டு மருந்து கொடுக்கப் போன நாளில் அவள் ஏறிய பஸ் நடைவேகத்துக்கு வந்துவிட்டது. பஸ் ஓட்டுநர் நல்ல மனிதர். ஆபீஸ் நேரத்தில் மட்டும் வேண்டாமே என்று கேட்டுக்கொண்டார். அவள் அதற்குப் பிறகு எந்த நேரத்திலும் ஏறவில்லை. ஊசி நனைந்த நூல் மாதிரி வளைந்ததால், துணி கொடுத்தவர்கள் வந்து திருப்பி வாங்கிப் போனார்கள். ஒட்டுச்சுவருக்கு அப்பால் குடியிருந்த டீச்சர், பென்சில் சீவ முடியாமல் ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டாள். அந்த வீட்டுக்கு அப்புறம் யாரும் வரவில்லை.

மாமியார் நாக்குக்குப் பேர் போனவர். பையோடு வந்திறங்கி, செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தார். வெளியே வந்தது, "சாப்பிட்டியாம்மா?" என்பதுதான். திகைத்துப்போய் மறுபடி முயன்றார்; "இளைச்சுட்டியே" என்று வந்தது. இரண்டு நாள் வாயிருந்தும் ஊமையாகத் தவித்துவிட்டு, தனக்குத் தலை சுற்றுகிறது என்று ஊருக்குத் திரும்பினார். தையற்காரிக்கு அவர் போனது துக்கமாக இருந்தது. திட்டுவதற்காவது வீட்டில் ஒரு ஆள் வேண்டும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் புருஷன் போன் செய்தான். வந்துடறேன் என்றான். ஆறாம் மாதம் சொன்னான், ஒன்பதாம் மாதம் சொன்னான். அவள் சரி என்று சொல்லிவிட்டு அவன் சட்டைகளை வெயிலில் போட்டு எடுத்து மடித்துவைத்தாள். அழலாம் என்றால் அழுகையும் வரவில்லை. நாள் முழுக்க அவளிடம் பேசியது குழந்தை மட்டும்தான், அதற்கும் இன்னும் பேச்சு வரவில்லை.

பதினான்கு மாதமாகியும் குழந்தைக்குப் பல் முளைக்கவில்லை. ஈறு சிவந்து வீங்கி, எச்சில் வடித்து, பொழுதெல்லாம் சிணுங்கியது. பால் தவிர எதுவும் இறங்காமல் எடையும் குறைந்தது. டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார்.

"பல்லு உள்ள தயாரா நிக்குதும்மா. வரமாட்டேங்குது. ஏன்னு எனக்குப் புரியல."

அவளுக்குப் புரிந்தது. அந்தப் பல் குழந்தையை ஒன்றும் செய்யாது. குத்தினால் பால் கொடுக்கிறவளைத்தான் குத்தும். அவள் தனக்கென்று கூட விட்ட துணிதான் பிள்ளையின் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. தைக்கத் தெரிந்தவளுக்குப் பிரிக்கவும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதே மூலையில் கைவைத்து, வீட்டின் பங்கும் தன் பங்கும் வேண்டாம் என்று மேசையிடம் சொன்னாள். பிறகு புருஷனிடம் பேசினாள்.

"உள்ளதைச் சொல்லுங்க. குத்தினா குத்தட்டும்."

அவன் சொல்லிவிட்டான்.

"நான் வரமாட்டேன். இங்க துறைமுகத்துல எனக்கு வேற குடும்பம் ஆயிடுச்சு. ஆறு மாசமா இதைத்தான் சொல்றேன். நீதான் ஒவ்வொரு வாட்டியும் சரி சரின்னே."

இத்தனை நாள் "வந்துடறேன்" என்று மழுங்கி விழுந்த அது, இப்போது அவளுக்குள் நேராக இறங்கியது. பதினான்கு மாதத்து அழுகையும் ஒன்றாக வந்தது. வாய்விட்டு, மூக்கு ஒழுக, வெட்கமில்லாமல் அழுதாள். குழந்தை மிரண்டுபோய், கண்ணைத் துடைக்கப் போன அவள் விரலைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தது. கீழ் ஈறில் அரிசி முனை அளவுக்கு இரண்டு வெள்ளை. விரலில் ஒரு பொட்டு ரத்தம். அவள் அழுதுகொண்டே அந்த விரலைப் பார்த்தாள். நன்றாக வலித்தது.

அன்றே தண்ணீர் கொதித்தது, ஊசி நிமிர்ந்தது. மாமியார் செய்தி கேட்டு மறு வாரம் வந்து, மகனை இரண்டு நாளும் மருமகளை ஒரு நாளும் திட்டித் தீர்த்துவிட்டுத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடிப்பதில்லை. குழந்தையின் நெற்றி உயரத்தில் இருப்பவை மட்டும் இன்னும் உருண்டையாகவே இருக்கின்றன; அது வளர வளர, கீழேயிருக்கும் மூலைகள் ஒவ்வொன்றாகக் கூராகிவருகின்றன. அவர்கள் ஏறினால் பஸ் இப்போதும் சற்று மெதுவாகத்தான் போகிறது. அந்தக் கூடுதல் நேரம் பஸ்ஸின் நேரக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.