லிஃப்ட் கதவோரம் பேசியவள்

லிஃப்ட் மெக்கானிக்காகப் பதினோரு வருடம் கிரீஸும் கையுமாக இருந்தவருக்கு, ஓர் ஆஸ்பத்திரியில் பராமரிப்பு மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணல் வந்தது. 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்' என்றுதான் கேட்பார்கள் என்று கேள்விப்பட்ட மனைவி, ஒரு வாரம் சமையலறையிலேயே கேள்வி கேட்டுக் கேட்டு அவரை உருப்போட வைத்திருந்தாள்.

நேர்காணல் அறையில் எதிரே இரண்டு பேர். கண்ணாடி போட்ட பெண் இன்ஜினியர்தான் கேட்டார்.

"லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு. உள்ள ஒருத்தங்க பயந்துபோய்க் கத்துறாங்க. முதல்ல என்ன செய்வீங்க?"

மேலே மெஷின் ரூமுக்கு ஓடி மின்சாரத்தை அணைக்க வேண்டும் என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"கதவுகிட்ட ஒரு ஆளை உட்கார வச்சுப் பேச்சுக்கொடுக்கச் சொல்லுவேங்க. அப்புறம்தான் மெஷின் ரூமுக்குப் போவேன்."

"இது யாரு சொல்லிக்கொடுத்தது?"

"நான் கோட்டை விட்டப்போ ஒருத்தங்க செஞ்சதைப் பார்த்தேன்."

அவர் மறைக்காமல் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால், அவர் வேலை பார்க்கும் அலுவலகக் கட்டடத்து லிஃப்டில் ஒரு பெண் மாட்டிக்கொண்டாள். இவர் ஒரு வார்த்தை பேசாமல் மேலே ஓடிவிட்டார். அவளோ மூச்சு முட்ட, கதவைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தாள். வரவேற்பு மேஜையில் இருப்பவள்தான் படியேறி வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கதவோரம் தரையில் உட்கார்ந்து, தன் மாமியாரின் குறட்டையைப் பற்றி ஆரம்பித்தாள். இருபது நிமிடம். இவர் வேலையை முடித்து இறங்கி வந்தபோது, லிஃப்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"மெஷினை நான் பார்த்தேன். அந்தப் பொண்ணைப் பார்த்துக்கிட்டது அவங்கதாங்க."

மூன்றாம் நாள் வேலை கிடைத்த செய்தி வந்தது. மனைவிக்குப் போனில் சொன்ன கையோடு அவர் அலுவலகக் கட்டடத்து வரவேற்பு மேஜைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னார்.

"உன்னாலதாம்மா கிடைச்சுது."

"நான் என்னண்ணே பண்ணேன், வாயாடினேன்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு அந்தப் பொண்ணு வெளிய வந்ததும் உங்க கையைப் பிடிச்சுத்தான் நன்றி சொன்னா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. ரெண்டு நாள் கடுப்பா இருந்துச்சு."

"நானும் அதை வாங்கிக்கிட்டுச் சும்மா போயிட்டேன். இப்பவாவது சொல்றேன்." அவர் கைகூப்பினார்.

"கையை இறக்குங்கண்ணே, எல்லாரும் பார்க்குறாங்க."

சொன்னாளே தவிர, மேஜைமேல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த தொலைபேசியை அவள் உடனே எடுக்கவில்லை.