பதினான்கு வினாடிப் பச்சை

சகலமானவர்களுக்கும் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், இந்த வட்டாரத்தில் முதுமை இனிமேல் திட்டமிட்டு, ஒருங்கிணைந்து, ஆரோக்கியமாக நடைபெறும். அவரவர் இஷ்டத்துக்குக் கிழடாகிக்கொண்டிருந்த காலம் மலையேறிவிட்டது. இதற்கென்று பதினேழு பேர் கொண்ட குழு அமைந்தது. பெயர், 'ஆரோக்கிய முதுமைக்கான ஒருங்கிணைந்த சமூகக் கூட்டுத் திட்டக் குழு'. அதை ஒரே மூச்சில் சொல்ல முடிந்தவருக்கு நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆரோக்கியத்துக்கு அந்தக் குழு செய்த சேவை அவ்வளவுதான்.

பதினேழு பேரில் ஒரு கிழவராவது இருந்தால் புகைப்படத்துக்கு நன்றாக இருக்குமே என்று கடைசி நேரத்தில் யாருக்கோ உறைத்தது. சிக்னல்காரரைப் பிடித்துப் போட்டார்கள்.

சிக்னல்காரருக்கு எழுபத்தாறு வயது. முப்பத்திரண்டு வருஷம் தெருத்தெருவாகப் போக்குவரத்து விளக்குகளை மாட்டியும் கழற்றியும் பழுதுபார்த்தும் ஓய்வு பெற்றவர். கடைசி நாளில் விளக்குப் பெட்டிகளின் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு ஒரு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். இடது முழங்காலில் உலோக மூட்டு. குழுவில் சேர அவர் ஒப்புக்கொண்டது சமூக சேவை ஆசையால் அல்ல. அக்காவால்.

அக்காவுக்கு எண்பத்தொன்று. சாலைக்கு அந்தப் பக்கம் அவள் வீடு, இந்தப் பக்கம் இவர் வீடு. பால்கனியில் நின்றால் அக்கா துணி காயப்போடுவது தெரியும். என்ன துணி என்றுகூடத் தெரியும். ஆனால் நடுவில் ஆறு வழிச் சாலை. நடந்து கடக்க எரியும் பச்சை, பதினான்கு வினாடி. இவருக்குத் தேவை இருபத்துநான்கு. அன்பளிப்புக் கைக்கடிகாரத்தை வைத்து வீட்டு வராந்தாவில் அதே தூரத்தை நடந்து அளந்து பார்த்திருக்கிறார். அதற்கு முன்பு சாலையிலேயே ஒருமுறை அளந்தார். நடுவில் மாட்டிக்கொண்டு, ஒரு பஸ், இரண்டு லாரி, ஏழு விதமான வசவுகளுக்கு இடையில் உயிரோடு திரும்பினார். டாக்ஸியில் போகலாமென்றால், மேம்பாலம் வரை போய்ச் சுற்றித் திரும்ப வேண்டும். கூப்பிட்ட மூன்று பேரும், "எதிர்ல தெரியுதே சார், நடந்து போங்களேன்" என்று சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தார்கள்.

அக்காவின் எதிரே உட்கார்ந்து எட்டு மாதமாயிற்று. சீட்டாட்டம் மட்டும் நிற்கவில்லை. அவளிடம் ஒரு கட்டு, இவரிடம் ஒரு கட்டு, நடுவில் தொலைபேசி.

"ராஜா இறக்கிட்டேன்டா."

"இப்பத்தானே ஒரு ராஜா இறக்கினே?"

"இது வேற ராஜா."

"அக்கா, இதோட அஞ்சு ராஜா ஆச்சு."

"நீ வந்து பாத்தியா? நேர்ல வந்து எண்ணிட்டுப் பேசு."

அதுதான் விஷயம். நேரில் போய் எண்ண வேண்டும். சிக்னல்காரருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே லட்சியம் அது.

முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று சொன்னார்: "பெரிய ரோட்டுல பச்சையைப் பதினாலுலேருந்து இருபத்தஞ்சு ஆக்கணும் சார். பெட்டியைத் திறந்து ஒரு எண்ணை மாத்தினா போதும். பத்து நிமிஷ வேலை. சாவி இருந்தா நானே செஞ்சிடுவேன்."

மற்ற பதினாறு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பத்து நிமிஷத்தில் முடியும் வேலையை அந்த அறையில் யாரும் அதுவரை பார்த்ததில்லை.

தலைவர் கைதட்டினார். அவர் முன்னாள் உயரதிகாரி. வயது எழுபத்தொன்று, தலைமுடியின் வயது நாற்பது. அவர் 'முதியவர்கள்' என்று சொல்லும்போதெல்லாம் கை ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ காட்டும். "அற்புதம்! அடித்தளத்துலேருந்து வர்ற குரல்னு சொல்றோமே, இதுதான் அது!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். குரலைப் பாராட்டியாகிவிட்டபடியால் அது என்ன சொன்னது என்று யாரும் கேட்கவில்லை.

ஆலோசகர் மட்டும் தலையைச் சாய்த்து யோசித்தார். வருஷத்துக்கு ஒரு புதுச் சொல் கண்டுபிடித்து அதிலேயே குடும்பம் நடத்துகிற மனிதர். "ஐயா வினாடியைப் பாக்கறார். நாம பயணத்தைப் பாக்கணும். முதுமைங்கறது ஒரு நீண்ட பயணம் இல்லையா?"

"நானும் பயணத்தைத்தான் சொல்றேன் சார்," என்றார் சிக்னல்காரர். "எழுபதடிப் பயணம்."

சிரித்தார்கள். கோரிக்கை, 'ஐயா நகைச்சுவையாகப் பேசினார்' என்று கூட்டக் குறிப்பில் ஏறியது.

அதன் பிறகு குழு உக்கிரமாக வேலை செய்தது. கிழவர்களை என்னவென்று அழைப்பது என்று மூன்று அமர்வுகள். 'முதியோர்' புண்படுத்துமாம், 'மூத்தோர்' போதாதாம், கடைசியில் 'அனுபவச் செல்வர்கள்' வென்றது. சின்னத்தில் இலை வைப்பதா, கைத்தடி வைப்பதா என்று இரண்டு அமர்வுகள்; இலையே கைத்தடி பிடித்திருப்பதுபோல ஒன்றை வரைந்தார்கள். துணைக்குழு பிறந்தது, துணைக்குழுவுக்கு ஒருங்கிணைப்புக் குழு பிறந்தது. சிக்னல்காரர் ஒவ்வொரு கூட்டத்திலும் பதினான்கு, இருபத்தைந்து என்றார். ஒவ்வொரு கூட்டத்திலும் கைதட்டினார்கள். நாளடைவில் அவர் வாயைத் திறந்தாலே பிஸ்கட் தட்டு அவர் பக்கம் நகர ஆரம்பித்தது.

"என்னடா கிழிச்சீங்க இன்னிக்கு?" என்று அக்கா தொலைபேசியில் கேட்பாள்.

"உனக்குப் பேர் வச்சிருக்காங்க. அனுபவச் செல்வர்."

"எனக்குப் பேர் எங்கப்பா வச்சுட்டார். ரோட்டுக்கு வழி பண்ணச் சொல்லு."

ஏழாவது மாதம் ஒரு நல்ல செய்தி வந்தது. சாலையில் கணக்கெடுப்பு. எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணி, அதன்படி பச்சையை முடிவு செய்வார்களாம். சிக்னல்காரர் குளித்து, சலவைச் சட்டை போட்டு, முதல் ஆளாகப் போய் நடைபாதை ஓரத்தில் நின்றார். அங்கே குடைக்கு அடியில், நாற்காலி போட்டு, கையில் எண்ணும் பொத்தானோடு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார்.

"என்னை எழுதிக்கம்மா. எழுபத்தாறு."

"கடங்க சார், அழுத்தறேன்."

"கடக்க முடியலன்னுதானே நிக்கறேன்."

"நிக்கறவங்களை எண்ணச் சொல்லல சார். கடந்து முடிச்சாத்தான் ஒண்ணு."

"பாதி வரைக்கும் போனா?"

அந்தப் பெண்மணி கையேட்டைப் புரட்டிப் பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "அரைக்குப் பொத்தான் இல்ல சார்."

பச்சை எரிந்தது. சிக்னல்காரர் இறங்கி எட்டு எட்டு வைத்தார். பச்சை சிமிட்டியது. திரும்பி ஏறினார். எதிர்ப்பக்கம் அக்காவும் கீழே இறங்கி வந்து நின்றிருந்தாள். அவளும் நாலு எட்டு வைத்துத் திரும்பினாள். ஏழு நாளும் இருவரும் இப்படிக் கரையில் நின்று இறங்கி ஏறினார்கள். மற்ற கிழங்களும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. குடைக்கு அடியிலிருந்த பெண்மணி தண்ணீர் கொடுத்தார், தன் நாற்காலியையும் கொடுத்தார். பொத்தானை மட்டும் அழுத்தவில்லை.

அறிக்கையைத் தலைவர் நின்றுகொண்டு வாசித்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் கடந்த எண்ணிக்கை: பூஜ்யம்.

"ஆக, அந்த இடத்துல அனுபவச் செல்வர்களுக்குக் கடக்க வேண்டிய தேவையே இல்லைன்னு தெளிவாகுது," என்றார்.

"கடக்க முடியாததாலதானே சார் கடக்கல!" சிக்னல்காரரின் குரல் உயர்ந்தது. "நான் ஏழு நாளும் அங்கதான் நின்னேன். எங்கக்காவும் நின்னா."

தலைவர் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "ஐயா, அது கருத்து. இது தரவு."

"ஆளே நேர்ல வந்து நிக்கறேன், நான் கருத்தா?"

"ஐயாவோட பங்கேற்பைப் பதிவு பண்ணிக்கலாம்," என்றார் ஆலோசகர். பிஸ்கட் தட்டு நகர்ந்தது.

பதினோராவது மாதம், வட்டாரத்தை 'முதுமைக்கு உகந்த வட்டாரம்' என்று பிரகடனம் செய்யும் விழா. மேடை போட அகலமான இடம் அக்கா வீட்டுக் கட்டடத்தின் வாகன நிறுத்தத்தில்தான் கிடைத்தது. சிக்னல்காரருக்கு 'சிறந்த பங்கேற்பாளர்' சான்றிதழ் என்றும், தலைவர் தம் காரிலேயே அழைத்துப் போவார் என்றும் தகவல் வந்தது. அவர் சட்டைப் பையில் சீட்டுக்கட்டைப் போட்டுக்கொண்டு ஏறினார்.

கார் மேம்பாலம் வரை போய், நெரிசலில் ஊர்ந்து, சுற்றித் திரும்பி வர நாற்பது நிமிஷமாயிற்று. "என்ன டிராஃபிக்! மனுஷன் எப்படிப் போறது?" என்று தலைவர் வழியெல்லாம் சலித்துக்கொண்டார். சிக்னல்காரர் பதில் சொல்லவில்லை. சொன்னால் கைதட்டிவிடுவார் என்று பயம்.

மேடையில் இலை கைத்தடி பிடித்திருந்தது. தலைவர் ஐம்பது நிமிஷம் பேசினார். வெயில் ஏறி, நாற்காலிகளில் அனுபவச் செல்வர்கள் வாடி வதங்கினார்கள். முன்வரிசையிலிருந்து அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி, "டேய், மேடையில கொட்டாவி விடாதடா" என்றாள். சான்றிதழ் கைமாறியது, புகைப்படம் எடுத்தார்கள். தலைவருக்கு அடுத்து இன்னொரு ஊரில் குழந்தைகள் நலக் குழு. கார் பறந்துவிட்டது. சிறந்த பங்கேற்பாளர் கையில் சட்டம் போட்ட சான்றிதழோடு எதிர்ப்பக்கத்திலேயே நின்றார்.

"உன்னை விட்டுட்டே போயிட்டானா?" என்றாள் அக்கா.

"போயிட்டான்."

"இந்தக் குழு உருப்படியா செஞ்ச ஒரே காரியம். மேல வா. லிஃப்ட் வேலை செய்யுது."

சிக்னல்காரர் மேலே போனார். சான்றிதழை மேஜையில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் சீட்டைப் பரப்பினார். முதல் ஆட்டத்திலேயே அக்காவிடமிருந்து ஐந்து ராஜாக்கள் வந்தன. நேரில் எண்ணினார். ஐந்துதான்.

"இரண்டு கட்டு கலந்துபோச்சுடா, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

அவர் திரும்பிப் போகவில்லை. மாத்திரைகளையும் நாலு சட்டைகளையும் பக்கத்து வீட்டு மருமகள் ஓடிக் கடந்து கொண்டுவந்து போட்டாள். மூன்றாவது வாரம் விஷயம் தெரிந்து குழு வந்தது. இருவரையும் சோபாவில் ஒட்டி உட்காரவைத்துப் படம் எடுத்து, ஆண்டறிக்கையின் அட்டையில் போட்டது. தலைப்பு, 'கூட்டுத் திட்டமிடலின் கனி: உடன்பிறந்தோர் சேர்ந்து வாழும் மாதிரி'. ஆலோசகர் அதற்கு ஒரு புதுச் சொல்லும் கண்டுபிடித்து, அதைப் பற்றிப் பேச இரண்டு மாநாடுகளுக்குப் போய்வந்தார்.

அடுத்த மாதம், முதியோர் யாரும் கடப்பதில்லை என்ற தரவின் அடிப்படையில், பச்சையைப் பதினோரு வினாடியாகக் குறைத்தார்கள்.