குளிர் குறைந்த காற்று

யாழ்ப்பாணத்துக் குருநகரில் வெயில் சுள்ளென்று எரித்த பகல். தங்கமுத்து அடுப்பை அணைத்துவிட்டுக் கைபேசித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்த உலகப் படத்தின்மேல் ஒரு சின்ன விமானம் நகர்ந்தது. உள்ளே மகன் ஜெயசுதனும் மருமகள் லவீனாவும், ஞானஸ்நானத்துக்காக ஊருக்குக் கொண்டுவரும் கைக்குழந்தையும். கனடாவிலிருந்து வடதுருவப் பக்கமாக டெல்லிக்கு வந்துகொண்டிருந்தார்கள்; அங்கே விமானம் மாறி ஊருக்கு வரவேண்டும்.

"இஞ்சாருங்கோ, பிளேன் பதியுது! முப்பத்தெட்டாயிரம் அடியிலை நிண்டது, இப்ப முப்பத்தைஞ்சு."

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கணவர் சிமியோன் நிமிரவில்லை. "விடியத் தொடங்கி உறுத்துப் பாக்கிறாய். உன்ரை கண் பாரம் தாங்கேலாமல் பதியுதாக்கும்."

"பகிடியே உங்களுக்கு? முப்பத்துநாலு!"

படத்தில் விமானத்துக்குக் கீழே வெறும் பனிக்கடல். சிமியோன் ஊசியைக் கீழே வைத்தார்.

அந்நேரம் தெரியாத வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒரு குரல்பதிவு வந்து விழுந்தது. தங்கமுத்து கைபேசியைப் பாயில் குப்புறப் போட்டாள். அந்தக் கரையில், கடலுக்குப் போனவன் நலமென்றால் தானே வந்து வாசலில் நிற்பான். பிறர் வாயால் வருவது மரணச் செய்திதான். அவளுடைய அண்ணனுடைய செய்தியும் அப்படித்தான் வந்தது.

"நான் கேக்கமாட்டன்."

"கொண்டா இஞ்சை." சிமியோன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு விரலால் அழுத்தினார்.

இரைச்சலுக்குள்ளிருந்து ஜெயசுதனின் குரல் வந்தது.

"அம்மா, நான்தான். எனக்கு இன்டர்நெட் இல்லை. பக்கத்துச் சீட்டு அக்கா தன்ரை போனைத் தந்தவ. நீங்கள் பாத்துப் பதறுவியள் எண்டு தெரியும். வெளியிலை சரியான குளிர். பிளேன்ரை செட்டைக்குள்ளை இருக்கிற எண்ணெய் கனக்கக் குளிர்ந்தால் மெழுகு மாதிரி இறுகுமாம். அதுக்கு முதலே பைலட் குளிர் குறைஞ்ச காத்துக்கு இறக்கியிருக்கிறார். அவரே மைக்கிலை சொன்னவர். பயப்பிடாதையுங்கோ. பிள்ளை நல்ல நித்திரை."

தங்கமுத்து முந்தானையால் முகத்தை மூடி அழுதாள். பிறகு, "இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள். போட்டார்.

"போன் தந்த பிள்ளையின்ரை பேரைக் கேளுங்கோ."

கேட்டார். சற்று நேரத்தில் ஒரு பெண் சிரித்தபடி தன் பெயரைச் சொல்லி அனுப்பினாள்: ஹர்ப்ரீத்.

முன்பின் அறியாத ஒரு தாயின் பயத்தைத் தன் பயமாக எண்ணுகிறவர்களை ஆண்டவர் எல்லா ஊரிலும் வைத்திருக்கிறார். பின்னேரம் செபமாலையில், விமானத்தில் வரும் தன் பிள்ளைகளின் பெயர்களோடு அவளுடைய பெயரையும் தங்கமுத்து சேர்த்தாள்.

"ஹற்பீறித்..."

"அப்பிடியில்லையப்பா, ஹப்பிறீற்" என்றார் சிமியோன்.

"ஆண்டவருக்கு விளங்கும். நீங்கள் செபத்தைச் சொல்லுங்கோ."