ஆழ்துளையில் போட்ட ஆறு கற்கள்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து வந்தது. கற்பனை ஊற்றெடுத்தது என்றெல்லாம் சொல்ல இப்போது தெம்பில்லை.

நெய்வேலி நகரியத்தில் ஒரு சிறிய நூலகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். கதையும் எழுதுவேன். முன்பெல்லாம் பத்திரிகைகள் திருப்பி அனுப்பும். இப்போது அதுவும் செய்வதில்லை. நூலகத்தைப் பெருக்கித் துடைக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி செவ்வந்திக்கு ஒரே மகள், மணிமொழி. பன்னிரண்டாம் வகுப்பு. முத்தாண்டிக்குப்பம் பக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து போகிறாள். ஓர் அறக்கட்டளையின் கல்லூரி உதவித்தொகைக்கான படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். கடைசிப் பக்கத்தில் கேள்வி: கணிதத்தையும் அறிவியலையும் கொண்டு உங்கள் சமூகத்துக்கு என்ன செய்வீர்கள்? முந்நூறு சொற்களுக்குள்.

பதினேழு வயதுப் பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்கு ஐம்பத்தொன்று. என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை, நல்லவேளை.

2

கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"விடியலில் புகைபோக்கிகளின் மேல் செந்நிறம் படர்ந்தபோது மணிமொழி—"

(வேண்டாம். நெய்வேலி என்றாலே புகைபோக்கியில் ஏறி நின்றுகொண்டுதான் எல்லாரும் கதை சொல்கிறார்கள்.)

"சிறு வயதிலிருந்தே மணிமொழிக்கு எண்கள் தோழிகளாக—"

(பொய். அவளுக்கு மற்ற பிள்ளைகள்தான் தோழிகள். கணக்கு ஏன் பிடிக்கும் என்று கேட்டேன். "கணக்குல யாரு வூட்டுப் பொண்ணுன்னு கேக்க மாட்டாங்க மேடம்" என்றாள். இதற்குமேல் நான் என்ன தொடக்கம் எழுதுவது?)

ஆகவே நேரடியாக: மணிமொழி சாமிக்கண்ணுவின் ஆழ்துளைக் கிணற்றில் கல் போட்டாள்.

3

சாமிக்கண்ணு சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். முந்திரித் தோப்பும் ஒன்றரை ஏக்கர் மணிலாக் கடலையும் உண்டு. மணிமொழியின் தெருவில் யாருக்கும் நிலமில்லை. பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வராத நாட்களில், அதாவது பாதி நாட்களில், அவர் மோட்டார் போடும் நேரத்தில் தொட்டியடியில் போய்ப் பெண்கள் குடம் நிரப்பிக்கொள்வார்கள். யாரும் எழுதிக் கொடுத்த உரிமையில்லை. அவர் மனசுதான்.

ஐப்பசி மழை பொய்த்துப்போன வருடம் இது. தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று மணிமொழிக்குத் தோன்றியது. இயற்பியல் புத்தகத்தில் எல்லாரும் போட்ட கணக்குதான்: கிணற்றில் கல்லை விடு, சத்தம் வரும்வரை நேரத்தை எண்ணு, ஆழத்தைக் கண்டுபிடி. மோட்டார் ஓடாத மத்தியானத்தில் போரின் வாயை மூடியிருந்த சாக்கை விலக்கி, செல்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுக் கூழாங்கல்லை விட்டாள். பொங்கல் கழிந்து ஒருமுறை, மாசியில் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் மூன்று கல்.

பொங்கலுக்குப் பிறகு மூன்று விநாடி. மாசியில் மூன்று புள்ளி ஒன்று. ஆழத்தைக் கணக்கிடும்போது சத்தம் மேலே ஏறிவரும் நேரத்தையும் கழித்திருந்தாள். ஒரு மாதத்தில் ஒன்பதடி இறங்கியிருக்கிறது. மோட்டார் நூற்றறுபது அடியில் தொங்குகிறது. அதற்கு மேல் மிச்சமிருந்தது பதினெட்டடித் தண்ணீர். சித்திரை பிறக்கும்போது மோட்டார் காற்றை இழுத்துத் தீய்ந்துபோகும். அதற்குள் மேலே தூக்கி, இரண்டு பைப் சேர்த்து, கீழே இறக்கிவிட வேண்டும்.

நோட்டில் வரைபடமும் போட்டிருந்தாள். பார்த்தபோது என் கண் கலங்கியது. இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை.

கட்டுரையை நான் சீர்செய்தேன். 'கல்' என்று இருந்த இடங்களில் 'ஒலி அலை முறை' என்று மாற்றினேன்.* நானே தபாலில் சேர்த்தேன்.

(*அவளுக்குப் பிடிக்கவில்லை. "கல்லுதானே மேடம் போட்டேன்?" என்றாள். எடுபடாது என்றேன்.)

4

கட்டுரை போன மறுநாள். நூலகத்தில் மின்விசிறி பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் சசிகுமாரிடம் அந்த வரைபடத்தைப் பெருமையோடு காட்டினேன். அவருக்குச் சொந்த ஊரில் நிலம் உண்டு. பார்த்தவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"போருக்குள்ள கல்லு போட்டாங்களா?"

"சின்னக் கல்தான் சார்."

"அய்யோ மேடம். கல்லு போய் மோட்டார் மேல உக்காந்துக்கும். ஓடுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது. தூக்குறப்போ மோட்டாருக்கும் சுத்தியிருக்கிற கேசிங் பைப்புக்கும் நடுவுல ஆப்பு மாதிரி பிடிச்சிக்கும். தெரியாம செயின் போட்டு இழுத்தாங்கன்னா மோட்டாரும் போச்சு, போரும் போச்சு."

"தெரிஞ்சு எடுத்தா?"

"கல்லு கிடக்குன்னு முன்னாடியே சொல்லிட்டா, மெதுவா ஆட்டி ஆட்டி எடுத்துப் பாக்கலாம். வந்தாலும் வரும். போர் இருக்கிற வூட்டுல மூணு வயசுக் குழந்தைக்குக்கூட இது தெரியுமே. யாரு அந்தப் பொண்ணு?"

போர் இல்லாத வீட்டுப் பெண். வேறென்ன சொல்ல? எனக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் பிடித்தவள் நான்.

அன்று சாயங்காலம் மணிமொழியிடம் சொன்னேன். புத்தக அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"கணக்கு சரியாத்தான் வந்துச்சு மேடம்."

"சரியாத்தான் வந்துது."

"மோட்டார எறக்குங்கன்னு சொன்னா தூக்குவாங்க. தூக்குனா மாட்டிக்கும். சொல்லலன்னா தீஞ்சிரும்." அலமாரியிலிருந்து கையை எடுத்தாள். "ரெண்டையும் சொல்லணும். நான்தான் போட்டேன்னும் சொல்லணும்."

5

முதல் பகுதியில் ஒன்றை விட்டுவிட்டேன். படிவத்தோடு அவள் வந்த அன்று கட்டுரை வேறு மாதிரி இருந்தது. தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். ஏற்கெனவே சொல்லிக் கொடுத்துக்கொண்டும் இருந்தாள். நான் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினேன்.

"எல்லாரும் இதத்தான் எழுதுவாங்க மணி. நீயே அளந்த ஒரு எண் இருந்தா நல்லா இருக்கும்."

அந்த எண்ணுக்காகத்தான் போனாள். கல்லைப் போட்டது அவள் கை. போகச் சொன்னது என் வாய். 'தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று மணிமொழிக்குத் தோன்றியது' என்று மூன்றாம் பகுதியில் எழுதியிருக்கிறேனே, அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். வெட்கமாக இருக்கிறது.

6

முடிவுகள்.

(அ) அவள் போய்ச் சொல்கிறாள். சாமிக்கண்ணு நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பயப்படாத பாப்பா" என்று— 

(எனக்கு அந்த மனிதரைத் தெரியாது. தெரியாதவருக்குப் பெருந்தன்மையை எழுதிக் கொடுப்பது எனக்குச் சுலபம். நாளைக்குக் குடத்தோடு தொட்டியடியில் நிற்கப்போவது செவ்வந்தி.)

(ஆ) அவள் சொல்கிறாள். அவர் தொட்டிக்கு வேலி போடுகிறார். தெருவே செவ்வந்தி வீட்டைத் திட்டுகிறது. இதை எழுதும்போது கை தானாக ஓடியது. அதனாலேயே நம்ப மாட்டேன்.

(இ) அவள் சொல்வதில்லை. சித்திரையில் மோட்டார் தீய்கிறது, தூக்குகிறார்கள், சிக்குகிறது. யார் போட்ட கல் என்று யாருக்கும் தெரியாது. வைகாசியில் உதவித்தொகைப் பட்டியல் வருகிறது, அதில் அவள் பெயர்.

மூன்றாவது முடிவை அவளிடம் நான் வாய்விட்டே சொன்னேன். கதை என்று சொல்லவில்லை. யோசனை என்று சொன்னேன்: "லிஸ்ட் வர்ற வரைக்கும் பொறு மணி. இப்ப ஊர்ல பேச்சாகி, அது அறக்கட்டளை காதுக்குப் போனா?"

"லிஸ்ட்டு வைகாசில வருது மேடம். மோட்டாரு அதுக்குள்ள தீஞ்சிரும்" என்றாள். என்மேல் கோபம்கூட இல்லை. தேதி சொன்னாள், அவ்வளவுதான்.

7

இன்று ஞாயிற்றுக்கிழமை. பங்குனி இருபது. என் வீட்டு வாசலில் இரண்டு சைக்கிள் நிற்கிறது. ஒன்று அவளுடையது, இன்னொன்றை எனக்காக யாரிடமோ கேட்டு வாங்கி, விஷ்ணு என்கிற பக்கத்து வீட்டுப் பையனை ஓட்டிவரச் சொல்லியிருக்கிறாள். அவன் பஸ்ஸில் திரும்பிவிட்டானாம்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேன் மேடம். அம்மா அழுதுகினு இருக்கு. சாமிக்கண்ணு தாத்தா பத்து மணிக்கு மேல தோப்புக்குப் போயிருவாரு. நீங்க கூட வந்து, கட்டுரைக்கோசரம்தான் போட்டாள்னு ஒரு வார்த்த சொன்னா போதும். மீதிய நான் பேசிக்கிறேன்."

"அஞ்சு நிமிஷம், ஒண்ணு எழுதி முடிச்சிட்டு வர்றேன்" என்றேன்.

அது ஒன்பது மணிக்கு. நான் எழுதி முடித்துவிட்டு வருவதாகச் சொன்னது இந்தக் கதையைத்தான்.

இப்படிப்பட்ட கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது உண்டு. நானும் அப்படித்தான் திட்டமிட்டிருந்தேன். அழகான கடைசி வரிகூட வைத்திருந்தேன். ஆனால் நீங்கள் சைக்கிள் மிதித்து அங்கே போகப் போவதில்லை. நீங்கள் எந்த முடிவை எடுத்துக்கொண்டாலும் அந்தத் தெருவுக்கு ஒரு குடம் தண்ணீர் கூடவோ குறையவோ போவதில்லை.

மணி ஒன்பது நாற்பது. மிதித்தால் இருபது நிமிடம். வெளியே அவள் ஒருமுறைகூட மணி அடிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். ஒரு சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்குகிறாள், இன்னொன்றைச் சுவரில் சாய்த்து வைக்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"மணி, இரு! வர்றேன்—