இன்னும் கொஞ்சம் சீவ வேணும்

குகதாசனிடம் கட்டில் செய்விக்கிறவர்கள், அதை எந்த அறையில் வைக்கப் போகிறார்கள் என்று முதலே நன்றாக யோசித்துவிட வேண்டும் என்று கனகராயன்குளத்தில் ஒரு பகிடி உண்டு. ஒருக்கால் வைத்தால் வைத்ததுதான். பிறகு அசைக்க ஊரைத்தான் கூப்பிட வேண்டும். கதிரை என்றாலும் அலுமாரி என்றாலும் அவன் கைபட்டதெல்லாம் அப்படிப் பாரம். அவனுக்கோ அதில் ஒரு பெருமை. “மரம் எண்டால் தூக்கிற கைக்குத் தெரிய வேணும்” என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லுவான். அந்தப் பெருமைதான் கடைசியில் அவனைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

பட்டறை ஏ-9 வீதியோரத்தில். அதற்குப் பின்னாலேயே வீடு. வீட்டில் அவனும் மனைவி கௌசலாவும், போன வருசம் தொடக்கம் கௌசலாவின் தம்பி நிரோஜனும் இருந்தார்கள். நிரோஜனுக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டு கிட்னியும் போய்விட்டது. கிணற்றுத் தண்ணி என்றார்கள், வயலுக்கு அடிக்கிற மருந்து என்றார்கள். எது என்றால் என்ன, போனது போனதுதான். தாய் தகப்பன் இல்லாத பெடியன் கண்டாவளையில் தனியாகக் கிடந்து என்ன செய்வான் என்று தமக்கைக்காரி கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இங்கிருந்தென்றால் வவுனியாவுக்கு வாசலிலேயே பஸ் ஏறலாம். கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் மெசினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவான். அதற்கென்று இடது கையில் நரம்பைத் தைத்திருந்தார்கள். அது கயிறு போலப் புடைத்து நிற்கும். அந்தக் கையில் பாரம் ஏற்றக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அவனுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்த பெண் பகுதி, நல்ல நாள் பார்க்கிறோம், நல்ல நாள் பார்க்கிறோம் என்று சொல்லிச் சொல்லியே கழன்றுவிட்டது. நாசமாய்ப் போக! என்றாலும் அவர்களைத் திட்டி என்ன, எங்கள் வீட்டுப் பெட்டை என்றால் நாங்களும் அதைத்தானே செய்திருப்போம்.

கிட்னி வருத்தம் வருவதற்கு முன்னால் நிரோஜன் பிரதீபனின் இசைக்குழுவில் கிற்றார் அடித்தவன். கிளிநொச்சியிலிருந்து புதுக்குடியிருப்பு வரை அவன் ஏறாத கோயில் மேடை இல்லை. சுவிசில் இருக்கிற பெரியம்மாவின் மகன் அனுப்பிய எலெக்ட்ரிக் கிற்றார் அது. கடைசியாக ஏறிய மேடையில் மழை பிடித்து, கிற்றாரின் முகம் தண்ணீரில் ஊறிய பாண் மாதிரி உப்பி, பெயின்ற் எல்லாம் உரிந்துவிட்டது. அதை அவன் உறையோடு அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டிருந்தான்.

மாசி மாதத்தில் ஒருநாள், போனைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான்.

“அத்தான், இஞ்ச ஒருக்காப் பாருங்கோ.”

போனில் ஒரு வெள்ளைக்காரன் ஒரு பலகையை நடுவால் இரண்டு தகடாக அறுத்தான். புத்தகத்தை விரிக்கிற மாதிரி விரித்தான். இந்தப் பக்கத்துக் கோடும் அந்தப் பக்கத்துக் கோடும் கண்ணாடியில் பார்த்த மாதிரிப் பொருந்தின. அதை ஒரு கிற்றாரின் முகத்தில் ஒட்டி, ஓரத்தை வெட்டி, மினுக்கித் தூக்கிக் காட்டினான்.

“உது ஒரு வேலையே?” என்றான் குகதாசன்.

“அப்ப செய்து தாங்கோவன். வைகாசிப் பொங்கலுக்கு அம்மன் கோயில் மேடையில ஒரு பாட்டு அடிக்க வாவெண்டு பிரதீபண்ணை கேட்டவர்.”

குசினிக்குள் இருந்து கௌசலா எட்டிப் பார்த்தாள். “கதிரையில இருந்து அடிக்கலாம்தானே தம்பி?”

“இல்லை அக்கா, நிண்டுதான் அடிப்பன்.” அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். “சனம் என்னைக் கண்டால் செத்தவீட்டுக் குரலிலயெல்லோ கதைக்குது. அவையின்ர முன்னால ஒருக்கா நிமிந்து நிண்டு அடிச்சிட்டன் எண்டால், பேந்து என்னவும் நடக்கட்டும்.”

கௌசலா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் உயிர் கேட்கவில்லை, கிட்னி கேட்கவில்லை. ஒரு பாட்டு முடியும் மட்டும் நிற்கக் கேட்டான். அதற்கு ஒரு வடிவான கிற்றார் கேட்டான்.

பட்டறையில் வேம்பு இருந்தது, பலா இருந்தது. நிரோஜனும் பலாவே போதும் என்றுதான் சொன்னான். மச்சானுக்குச் செய்கிற சாமானுக்குக் கண்ட மரத்தையும் போடுவதா? குகதாசன் மூலையில் சாக்குச் சுற்றிக் கிடந்த முதிரைக் கதவை இழுத்தான். அது கௌசலா வீட்டுக் கதவு. கடைசிச் சண்டையில் கண்டாவளைப் பழைய வீடு கூரையும் இல்லாமல் சுவரும் இல்லாமல் போனபோது, மிஞ்சினது அந்த ஒற்றைக் கதவுதான். கறையான்கூடத் தீண்டவில்லை. முதிரை என்றால் இரும்புக்குப் பிறந்த மரம்.

எங்கள் பக்கத்தில் பழைய மரத்தை அறுக்கிறவன் முதலில் காந்தம் பிடித்துப் பார்ப்பான், உள்ளே சண்டையில் பாய்ந்த துவக்குச் சன்னம் கிடந்தால் வாள் போய்விடும். குகதாசனும் காந்தத்தைக் கதவெல்லாம் ஓட்டிப் பார்த்து, சுத்தமான பலகையாக ஒன்றைக் கழற்றினான். அறுத்து விரித்தபோது அவனுக்கே மூச்சு நின்றுவிட்டது. தங்க நிறத்தில், பால் ஆறும்போது ஆடை சுருங்குமே, அப்படிச் சுருக்கம் சுருக்கமாய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடியது.

“எவ்வளவு தடிப்பு அத்தான்? போனில அந்த வெள்ளைக்காரன் கால் இஞ்சிதான் வைச்சவன்” என்றான் நிரோஜன்.

“கால் இஞ்சியோ? இதென்ன அப்பளமோ? அரை இஞ்சிக்குக் குறைஞ்சால் பலகை எண்டு சொல்லாதை.”

“பாரமாய் வராதே?” என்று கௌசலாவும் கேட்டாள்.

“உனக்கென்ன தெரியும்! பேசாமல் இரு பாப்பம்” என்றான் குகதாசன். அந்தச் சொல்லைப் பிறகு அவன் எத்தனை தரம் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டான்!

வேலை என்னவோ தெய்வீகமான வேலைதான். கம்பிகளையும் ஆணிகளையும் திருகிகளையும் கழற்றி ஒரு ஜாம் போத்தலில் போட்டான். ஊறின முகத்தைச் சீவி எடுத்தான். முதிரைத் தகடுகள் இரண்டையும் நடுவில் மயிரிழை தெரியாமல் பொருத்தி, பசை பூசி ஒட்டி, மேலே சீமெந்துப் பைகளை ஏற்றி வைத்தான். அவை காயும் மட்டும் பூனைக்குட்டியைக்கூடப் பட்டறைக்குள் விடவில்லை. பிறகு விளிம்பை வளைத்து, துளைகளைத் துளைத்து, கையால் தேய்த்துத் தேய்த்து மினுக்கினான். பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தான் என்று கௌசலா சொல்லுவாள். கல்யாணம் முடித்து இத்தனை வருசத்தில் அவள் அதை அப்போதுதான் கேட்டாளாம்.

கிற்றாரைக் கையில் வாங்கிய நிரோஜன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தான்.

“இது எங்கட வீட்டுக் கதவெல்லே அக்கா?”

“ஓமடா” என்றாள் கௌசலா. இரண்டு பேரும் அழுதார்கள். குகதாசன் தூசி பட்ட மாதிரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

நிரோஜன் பட்டியைத் தோளில் கொழுவி, ஸ்பீக்கரில் வயரைக் குத்தி, எழும்பி நின்று அடித்தான். ஐயோ, என்ன சத்தம், என்ன கை! வீதியால் போன சைக்கிள்காரர் இரண்டு பேர் இறங்கி நின்று கேட்டார்கள். அரைப் பாட்டில் அவன் நெற்றி வியர்த்தது. முக்கால் பாட்டுக்கு முன்னால் கதிரையைத் தடவி இருந்துவிட்டான்.

“பாரமோ?” என்றான் குகதாசன்.

“சீச்சீ. காலமை ஒழுங்காச் சாப்பிடேல்ல அத்தான், அதுதான்.”

அடுத்த நாள் விடிய, தம்பி கிணற்றடியில் சேட்டைக் கழற்றியபோது கௌசலா பார்த்துவிட்டாள். இடது தோளில் பட்டி பதிந்த இடம் கன்றிப்போய் நீலமாய்க் கிடந்தது. நேரே பட்டறைக்கு வந்தாள்.

“விசரே உங்களுக்கு? வருத்தக்காரனுக்குக் கதவைத் தூக்கிக் கொழுவி விட்டிருக்கிறியள்! நான் கேட்டனான்தானே? கேட்டனானா இல்லையா?”

குகதாசன் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், ஆனை சறுக்கினால் தன் காலைத்தான் முறித்துக்கொள்ளும். இவன் மற்றவன் தோளையல்லவா முறித்துவிட்டான். நிரோஜனிடம் ஓடிப்போய், முதிரையைக் கழற்றிவிட்டுப் பலா போட்டுத் தாறன் என்றான்.

“முகத்தைத் தொடாதேங்கோ அத்தான். அது எங்கட வீடு.” நிரோஜன் கிற்றாரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். “பின்பக்கத்தால கொஞ்சம் சீவினால் காணும்.”

அப்படித்தான் சீவத் தொடங்கினான் குகதாசன். முதுகைத் திறந்து, உளியால் உள்ளே குடைந்து, ஒரு கடகம் சிராய் அள்ளிக் கொட்டினான். மெல்லிய தகடொன்றால் முதுகை மூடிக் கொண்டுவந்து கொடுத்தான். நிரோஜன் நின்று அடித்தான், முக்கால் பாட்டு. “நல்ல லேசு அத்தான். இன்னும் கொஞ்சம் சீவ வேணும், அவ்வளவுதான்.”

அடுத்த கிழமை இன்னும் குடைந்தான். அந்தக் கிழமை மெசினில் இருக்கும்போது பிரசர் விழுந்து, பெடியனை இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே மறித்துவிட்டார்கள். வந்தவன் அரைப் பாட்டுத்தான் நின்றான். “இன்னும் கொஞ்சம் அத்தான்.” சித்திரை வருசத்துக்கு எடுத்த சேட்டு அவன் கழுத்தைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி நின்றது. பட்டியில் புதுத் துளை போட வேண்டியிருந்தது. குகதாசன் ஓடியோடி மரத்தைக் குறைத்தான். வருத்தம் அவனைவிடக் கெதியாய்ப் பெடியனைக் குறைத்தது. செய்கிற வேலையெல்லாம் பாரமாய்ச் செய்தவன், ஊரில் யாரும் செய்யாத லேசில் ஒரு சாமான் செய்துகொண்டிருந்தான். அதைப் பார்த்துச் சிரிக்க இப்போது யாருக்கும் மனம் வரவில்லை.

கடைசியில் முதிரையையும் உள்பக்கத்தால் சீவினான். வெளியே பார்த்தால் அதே தங்க முகம், அதே சுருக்கம். தட்டினால் அப்பளம் மாதிரிச் சத்தம் கேட்டது. கால் இஞ்சி என்ன, கால் இஞ்சியில் பாதிகூட இல்லை.

பொங்கலுக்கு முதல் நாள் பிரதீபன் பாட்டைச் சரிபார்க்க வந்தான். நல்ல மனுசன், ஆனால் வாய் கொஞ்சம் பெரிது. கட்டிலில் கிடந்த கிற்றாரை ஒற்றைக் கையால், இரண்டு விரலால் தூக்கினான்.

“என்ன குகண்ணை, உள்ளுக்கு ஒண்டுமே இல்லையோ? என்ர கிற்றாரில அரைவாசிப் பாரம்கூட இல்லை! சின்னப் பிள்ளையும் தூக்கும்!”

சொல்லிவிட்டுத்தான் நிரோஜனைப் பார்த்தான். நிரோஜன் கிற்றாரைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான். பிறகு கையை, அந்தக் கயிறு புடைத்த கையை, போர்வைக்குள் எடுத்து வைத்துக்கொண்டான். குகதாசனுக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் வெளித்தது. மரத்தில் ஒன்றும் இல்லை. மரத்தின் பாரம் எப்போதோ தீர்ந்துவிட்டது.

பொங்கலன்று மத்தியானம் கோயில் ஒலிபெருக்கி பாட்டுப் போடத் தொடங்கியது. நிரோஜன் தலை சீவி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, கட்டில் விளிம்பில் இருந்தான். கௌசலா முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குகதாசன் கிற்றாரை மடியில் வைத்தான். நிரோஜன் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. திரும்பவும் தூக்கப் பார்த்தான். கிற்றார் மடியைவிட்டு எழும்பவில்லை.

“அத்தான்…” குரல் காற்றாய் வந்தது. “கொஞ்சம் பாரமாக் கிடக்கு. இன்னும் கொஞ்சம் சீவ வேணும் போல.”

மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்கிறது?

“ஓம் மச்சான்” என்றான் குகதாசன். “பின்பக்கம் ஒரு மூலை விட்டிட்டன், என்ர பிழைதான். நீ கொஞ்சம் படு. பின்னேரத்துக்குள்ள சீவிக்கொண்டு வாறன்.”

பட்டறையில் கிற்றாரை மேசைமேல் கவிழ்த்து வைத்துப் பார்த்தான். சீவ ஒரு இடமும் இல்லை. உளி பட்டால் கதவு பொத்துவிடும். பின்னால் ஜன்னல் திறந்திருந்தது, அந்தப் பக்கம்தான் நிரோஜனின் கட்டில். குகதாசன் மின்சாரச் சீவுளியின் ஆளியை அமத்தினான். அது இரைந்தது. மரத்தில் வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். மெசின் சத்தத்துக்குள் வாய்விட்டு அழலாம், ஒருவருக்கும் கேட்காது. நன்றாக அழுதான். பிறகு கை சோர்ந்து ஆளியை நிறுத்தினான்.

கொஞ்ச நேரத்தில் கௌசலா வாசலில் வந்து நின்றாள். மேசையைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். நிலத்தில் ஒரு துளி சிராய்கூட இல்லை. திட்டப்போகிறாள் என்று அவன் நினைத்தான்.

“சத்தம் நிண்ட உடன கண்ணைத் திறந்து, முடிஞ்சுதோ எண்டு கேக்கிறான்” என்றாள் அவள். “இரைஞ்சுகொண்டிருந்தால் படுத்திருக்கிறான். நிப்பாட்டாதேங்கோ.”

கோயிலில் பிரதீபன் மைக்கைத் தட்டிச் சரிபார்க்கிற சத்தம் கேட்டது. குகதாசன் திரும்பவும் ஆளியை அமத்தினான்.