டூகலின் காதுக்கு

கிட்டார் ஒலியைப் பெருக்கும் டூகலின் ஆம்ப் பழைய வால்வு ஆம்ப். அலற விட்டால்தான் அதன் சொந்தக் குரல் வெளியே வரும். டூகல் இப்போது இருப்பதோ சாவுக்குக் காத்திருப்பவர்களின் இல்லம். அங்கே அதை எப்படி அலற விடுவது? அந்தக் குரலை டிஜிட்டல் பெட்டிக்குள் நகலெடுத்து ஹெட்போனில் கேட்கவைப்பதாக ரஸ்ஸல் வாக்குக் கொடுத்திருந்தான். நியூகாசில் மதுக்கடைகளில் டூகலோடு காலமெல்லாம் கிட்டார் வாசித்தவன் அவன்.

"நீ வாசிடா. என் ஆம்ப் குரலை ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்" என்றுதான் டூகல் கேட்டான். வேறொன்றும் கேட்கவில்லை.

டூகலின் மனைவி நரெல் அதே குழுவில் பேஸ் வாசிப்பவள். "எந்த ஆம்ப் மாதிரியும் பேசுற என் பெட்டியைக் கொண்டு போ. அதுல எல்லாக் குமிழையும் திருகலாம். இன்னைக்கே கிட்டத்தட்ட அந்தக் குரலைக் கொண்டுவந்துரலாம்" என்றாள்.

"அது பொம்மை, நரெல். எல்லா ஆம்ப் மாதிரியும் இருக்கும், எதுவாவும் இருக்காது. நான் எடுக்கிறது அச்சு அசல்."

"அசல் வர்றதுக்குள்ள ஆள் இருக்கணுமே."

ரஸ்ஸல் டூகலின் கராஜிலேயே கிடந்தான். மைக்கை விரற்கடை நகர்த்துவான், நகலெடுப்பான், அழிப்பான். டூகலுக்குக் கஞ்சி இறங்குவது நின்றது. "நாளைக்கு" என்றான் ரஸ்ஸல். மறுநாளும் அதையே சொன்னான். கடைசியில் நரெலைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்தான். எது ஆம்ப், எது நகல் என்று அவளால் சொல்ல முடியவில்லை. அழுதுவிட்டாள்.

இல்லத்தில் டூகலுக்கு ஹெட்போனை மாட்டி ரஸ்ஸல் வாசித்ததும் அவன் முகம் வாடியது.

"யாரோடதுடா இது?"

"உன்னோடதுதான்."

"கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடுறாப்புல இருக்கு. சாகப்போறவன்கிட்டயே போலிச் சரக்கை விக்கிறியா, கிழவா?" ஹெட்போனைக் கழற்றிவிட்டான்.

ரஸ்ஸலுக்குச் சுருக்கென்றது. வாதாட வாயெடுத்தான். அப்போது கட்டில் தலைமாட்டில் மருந்து ஏற்றும் இயந்திரம் கீச்சிட்டது. நர்ஸ் வந்து அணைக்கும்வரை டூகல் கண்ணைக்கூட அசைக்கவில்லை.

"அது கத்துனது கேக்கலையா?"

"எது?"

புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து அவன் காதிலிருந்து கீச்சென்ற உச்ச ஒலிகளையெல்லாம் தின்றிருந்தது. இத்தனை நாளும் ரஸ்ஸல் தன் காதுக்குத்தான் அசலைத் தேடியிருக்கிறான். நகலின் கீச்சொலியை ஏற்றிப் பார்த்தான். நகலெடுத்த நிலையை விட்டு நகர்த்தியதும் அது ஓட்டைத் தகரமாய்ப் பிசிறியது.

நரெலுக்குப் போன் செய்தான். "அந்தப் பொம்மையை எடுத்துட்டு வர்றியா?"

நான் அப்போதே சொன்னேனே என்று அவள் கேட்கவில்லை. "கேபிளும் எடுத்துட்டு வரேன்" என்றாள்.

ரஸ்ஸல் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசித்தான். நரெல் குமிழ்களைத் திருகினாள். டூகலின் விரல் இன்னும், இன்னும் என்று மேலே காட்டியது. சட்டென்று நின்றது.

"அந்தா... அவதான், என் ஆம்ப்."

ரஸ்ஸல் முழுப் பாட்டையும் வாசிக்கத் தொடங்கினான். அது முடியுமுன் டூகல் தூங்கிவிட்டான். மறுபடி விழிக்கவில்லை. ஞாயிறு காலை, தேவாலய மணி அடிக்கும் நேரத்தில் மூச்சு அடங்கியது.

ரஸ்ஸல் அந்த ஹெட்போனை மாட்டி ஒரு தந்தியை மீட்டினான். டூகலுக்காக ஏற்றிய கீச்சொலி காதில் ஊசியாய் இறங்கியது. பழக்கத்தில் கை குமிழைச் சரிசெய்யப் போனது. இழுத்துக்கொண்டான்.

"இன்னும் சில சாயங்காலம் கேட்டிருப்பான், நரெல். நான்தான் நாளைக் கடத்திட்டேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் டூகலுக்காக ஜெபித்தார்கள்.