இருபத்து மூன்றாம் வட்டம்

1

இந்தக் கதை ஒரு காதில் தொடங்கியது. சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது தரையில் சொட்டாமலிருக்கப் பழைய செய்தித்தாள்களை விரிப்போம். அப்படி விரித்த ஒரு தாளில் அரச குடும்பம் அரண்மனை மாடத்தில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தது. ஓரத்துத் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு காதும் கால்வாசித் தோளும் நீட்டிக்கொண்டிருந்தன. படத்தின் கீழே எல்லார் பெயரும் இருந்தது, காதுக்கு மட்டும் இல்லை.

அந்தக் காதின் வாழ்க்கை வரலாற்றைத்தான் எழுதுகிறேன். வேறு வேலை இல்லையா என்று கேட்காதீர்கள். முப்பது வருடம் வேலை மட்டும்தான் பார்த்தேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "வீரமும் ஈரமும் நிறைந்த இளவரசர் ஒருவர்..."

[அடித்துவிட்டேன். ஈரம் நாங்கள் அடித்த சுவரில்தான் இருந்தது.]

சரி, உள்ளதைச் சொல்கிறேன். அரசருக்கு ஒன்றுவிட்ட தம்பி. பட்டத்துக்கு இருபத்து மூன்றாவது ஆள். முன்னால் நிற்கும் இருபத்திரண்டு பேரும் ஒரே மூச்சில் போய்ச்சேர்ந்தால் இவர்தான் அரசர். அதற்காக ஐம்பத்தொரு வயதுவரை தலையை வாரிக்கொண்டு தயாராக இருந்தார். வருடத்துக்கு ஒரு திறப்புவிழா கொடுப்பார்கள். ஒரு வருடம் தண்ணீர்த்தொட்டி. மறுவருடம் அதே தண்ணீர்த்தொட்டி.

நாங்கள் அவரை 'இருபத்து மூணு' என்போம். நேரில் 'சின்னய்யா'.

3

வருடாந்திர அரண்மனை விழாவில், மாடத்தில் யார் எங்கே நிற்பது என்பதற்குத் தரையில் வெள்ளை வட்டம் போட்டு உள்ளே எண் எழுதுவோம். ஒவ்வொருவரும் தன் எண்ணைத் தேடி, இரண்டு காலையும் அதற்குள் வைத்துக்கொண்டு நிற்பார்கள். வட்டம் நான் போடுவேன். எண்ணை மேஸ்திரி எழுதுவார், ஏனென்றால் நான் கைநாட்டு. நாற்பத்தாறு வயதில் மருமகளிடம் எழுத்துக் கற்றுக்கொண்டதை அவரிடம் சொல்லவில்லை. அவர் வாய் அப்படி. "எதுக்குடா, மந்திரியாகப் போறியா?" என்று ஆயுசுக்கும் கேட்பார்.

விழாவுக்கு முந்தின மதியம் மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். தரைத்தாளின் மேல் குனிந்திருந்தேன். பின்னால் குரல்.

"நீ படிக்கிற."

"இல்லீங்க சின்னய்யா, படம் பாக்கறேன்."

"உதடு அசையுதே."

பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். காதின் மேல் விரலை வைத்தார்.

"இது நான்தான்."

"பாத்ததுமே தெரிஞ்சுதுங்க" என்று புளுகினேன்.

"பதினாலையும் இருபத்து மூணையும் மாத்தி எழுதிடு."

"மேஸ்திரி கேட்டா?"

"நான் பாத்துக்கறேன்."

(இந்த இடத்தில் அவருக்கு ஒரு மகளைச் சேர்த்திருந்தேன். "நீங்க ஏம்ப்பா படத்துல இல்ல?" என்று அது அழுதது. உங்களுக்கு இரக்கம் வரட்டும் என்று செய்த வேலை. அவருக்கு மகள் கிடையாது. நீங்கள் இரக்கப்படவும் வேண்டாம்.)

நான் ஏன் ஒத்துக்கொண்டேன்? எனக்கு எழுதத் தெரியும் என்று கண்டுபிடித்த முதல் ஆள் அவர். புளகாங்கிதம்! காயாத இரண்டு எண்ணையும் துடைத்துவிட்டு, தூரிகையை முக்கி மாற்றி எழுதினேன். மேஸ்திரியின் எழுத்து மாதிரியே வந்தது.

4

பதினாலு, அரசரின் அத்தை. எழுபத்தெட்டு வயது. மறுநாள் அந்த அம்மாள் தன் எண்ணைக் கண்டுபிடித்து நின்றார். மூக்குக்கு நேரே தூண். ஒரு மணி நேரம் அந்தத் தூணுக்குக் கையசைத்தார். ஓரடி தள்ளி நிற்கலாம் என்று அவருக்கும் தோன்றவில்லை, கூட நின்ற யாருக்கும் தோன்றவில்லை. எண் பார்த்து நின்றே வளர்ந்த கூட்டம்.

சின்னய்யா முழு முகத்தோடு படத்தில் விழுந்தார். பத்திரிகைக்காரர்கள் பழைய பட்டியலை வைத்துப் பெயர் போட்டார்கள். மீசைக்குக் கீழே 'அரசரின் அத்தை' என்று அச்சாகியிருந்தது.

5

விசாரணை வண்ண டப்பாக்கள் வைக்கும் அறையில் நடந்தது. அரண்மனை மேலாளர் என்னைப் பார்த்தார்.

"இவனா?"

"இவனுக்கு 'அ'னா தெரியாதுங்க" என்றார் மேஸ்திரி. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

"அப்போ எண் எழுதத் தெரிஞ்ச ஆள் நீ ஒருத்தன்தான்."

மேஸ்திரிக்கு அப்போதுதான் புரிந்தது. "நான் சரியாத்தாங்க எழுதினேன்" என்றார்.

சின்னய்யாவையும் கேட்டார்கள். வாசற்படியிலேயே நின்று பதில் சொன்னார்: "என் எண் இருந்த இடத்துல நின்னேன்." அவர் வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்காகவா இவ்வளவு தாள் என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

அப்போது நான் முன்னால் வந்து

அப்போது நான்

அப்போது

[மூன்று நாளாக இந்த வாக்கியம் நகரவில்லை.]

இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த மேஸ்திரியை அன்றே வெளியே அனுப்பினார்கள். எண் எழுத ஆள் இல்லாததால் நான் 'கற்றுக்கொண்டேன்'. மூன்றே நாளில் கற்றுவிட்டானே என்று மேலாளர் மெச்சினார். தலையைக் குனிந்து மெச்சுதலை வாங்கிக்கொண்டேன்.

6

முடிவு ஒன்று: சின்னய்யா மேஸ்திரி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறார். [வழி தெரியாது. தெருவில் எண் போட்ட வட்டமும் இல்லை.]

முடிவு இரண்டு: நான் போகிறேன். [இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வாரா வாரம் போகிறேன். அது முடிவு இல்லை.]

போன வாரமும் கேட்டார். "யாருடா மாத்தியிருப்பாங்க?"

"தெரியலண்ணே."

"உனக்கெப்படித் தெரியும், பாவம்" என்று தன் தேநீரில் பாதியை எனக்கு ஊற்றினார்.

இந்தக் கதை அச்சானால் ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் எழுதவே உட்கார்ந்தேன். ஆனால் அவருக்குக் கண் பார்வை போய்விட்டது. யாராவது படித்துக் காட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் எனக்கு எண் தவிர எதுவும் படிக்கத் தெரியாது என்றே இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் இதுவரைக்கும் படித்துவிட்டீர்கள். இரண்டாவது தெரு, பச்சைக் கதவு. வண்ணம் நான் அடித்ததுதான்.